அக்கா, கதவைத் திறங்கோ

இது கதையில்லை. முதலே சொல்லிப்போட்டன். நம்பாத ஆக்கள் இப்பவே எழும்பிப் போகலாம், எனக்கு ஒரு கவலையும் இல்லை. "படிப்பு கூடிப்போச்சுது பிள்ளை", "நித்திரை காணாது பிள்ளை" எண்டு புத்தி சொல்ல வாற ஆக்களைக் கண்டா எனக்கு விசர்தான் வரும். இது பட்டப்பகலில நடந்தது. அந்தத் தட்டுச் சத்தத்தை என்ர வகுப்பில இருந்த அத்தினை பேரும் கேட்டவை. பிறகு நடந்ததுதான் அவைக்குத் தெரியாது.

என்ர பேர் சுபானி. டுசல்டோர்ஃபில பிறந்து வளந்தனான். இப்ப வேற ஊரில படிக்கிறன். வீட்டை போறதில்லை. பொங்கலுக்கும் போகேல்லை, அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டபோதும் போகேல்லை. "சிறீதரன்ர மகள் திமிர் பிடிச்சவள், தாய் தகப்பனை எட்டியும் பாக்கிறாளில்லை" எண்டு சனம் கதைக்குதாம். கதைக்கட்டும். ஏன் போறதில்லை எண்டு ஒருக்காச் சொல்லுறன், கேளுங்கோ.

நானும் தம்பியும் படிச்சது ஒரு அமெரிக்கன் ஹைஸ்கூலில. ஓம், ஜெர்மனியிலதான். அமெரிக்கக் கொம்பனிகளில வேலை செய்யிற பெரிய ஆக்களின்ர பிள்ளையள் படிக்கிற இடம். ட்ராம் போய் முடியிற இடத்தில, காட்டுக்கரையில, முந்தி ஏதோ வெளிநாட்டு இராணுவம் இருந்த நீட்டுக் கட்டிடங்கள். பேர் சொல்ல மாட்டன். அப்பா இன்னும் அங்கதான் வேலை.

அங்க எல்லாம் படத்தில வாற மாதிரித்தான். ரெண்டு பக்கமும் இரும்பு லொக்கர் வரிசை. மணி அடிச்சா அடுத்த வகுப்புக்கு ஓட்டம். பிந்திப் போனா ஒரு துண்டு எழுதித் தருவினம், துண்டு கூடினா பின்னேரம் மறியல், வீட்டை விடாமல் இருத்தி வைப்பினம். வெள்ளிக்கிழமையில எல்லாரையும் ஜிம்முக்குள்ள அடைச்சு, எங்கட கூடைப்பந்து டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்த வைப்பினம். கன்ரீனில ஆர் எந்த மேசையில இருக்கலாம் எண்டு ஒருத்தரும் எழுதி ஒட்டுறதில்லை. ஆனா பிழையான மேசையில ஒருக்கா இருந்து பாருங்கோ, தெரியும்.

எங்களைப் போல ஆக்களுக்கு அங்க என்ன அலுவல்? அப்பா அந்தக் கன்ரீன் குசினியில சமையல். வேலை செய்யிற ஆக்களின்ர பிள்ளையளுக்கு இடம் சும்மா குடுப்பினம். அந்த ஒண்டுக்காக அப்பா ஒருநாளும் பிந்திப் போனதில்லை, ஒருநாளும் லீவு எடுத்ததில்லை, ஒரு சட்டத்தையும் மீறினதில்லை. "எங்களால ஒரு கதை வரக்கூடாது" எண்டுதான் அவர்ர வாயில எப்பவும்.

அவர் கரண்டியோட நிப்பார். நாங்கள் தட்டோட வரிசையில வருவம். எனக்குப் பின்னால ரைலர் எண்டு ஒரு அறுவான் நிண்டு, "உன்ர அப்பாவிட்டச் சொல்லு, எனக்கு இன்னும் ரெண்டு கிழங்கு வைக்கச் சொல்லி" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவான். நான் வீட்டுக்குப் போன் எடுத்தாலும் பின்னால நிண்டு "சப்ப சுப்ப சப்ப" எண்டு நக்கலடிப்பான். சிரிக்கிறதுக்கு அவனைச் சுத்தி ஒரு கூட்டம். அவனுக்கு ஒருநாள் சூப்பை முகத்தில ஊத்தாமல் விட்டதுதான் எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்.

தம்பி மதீசன், வீட்டில மதி, ஒன்பதாம் வகுப்பு. அவனுக்குத் தமிழ் விளங்கும், கதைக்க மாட்டான். வீட்டில முழுக்க ஜெர்மன்தான். அம்மா "சாப்பிட வா ராசா" எண்டா, "கொம்ம க்ளைஷ்" எண்டுவான், வாறன் எண்டு. என்னை அக்கா எண்டு பிறந்ததில இருந்து கூப்பிட்டதில்லை. "சூபி"தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் விட்டா, மற்ற வாசலால வெளியில வந்து பந்து விளையாடிப்போட்டு நிப்பான். "இவன்ர வாயில ஒரு தமிழ்ச் சொல் கேக்காமல்தான் நான் கண் மூடப்போறன்" எண்டு அம்மா கண்ணைத் துடைப்பா.

கன்ரீனில அப்பாவைத் தெரியாத மாதிரி நிப்பான். அதுக்காக எத்தினை நாள் வீட்டில பெரிய கொழுவல், சண்டை. ஆனா அங்க சேந்த முதல் நாள், மணி அடிக்க முன்னம், அந்த நெரிசலுக்குள்ள, ஒருத்தருக்கும் தெரியாமல் என்ர ஜக்கெற்றைப் பின்னால பிடிச்சுக்கொண்டு நிண்டவன். என்ன எண்டாலும் என்ர தம்பி. அவனுக்கு ஒண்டெண்டா நான் பாத்துக்கொண்டிருக்க மாட்டன்.

ரைலரின்ர தொல்லை தாங்காமல் நான் மத்தியானத்தில போன் கதைக்க வேற இடம் தேடினன். ஜிம்முக்குப் பின்னால சீ கட்டிடம். கீழ் மாடியில ஒரு நீட்டு விறாந்தை. பழைய லொக்கர்கள், கனக்க பேர் பாவிக்கிறதில்லை. அங்க லைற் தானாப் பத்தும், தானா நூரும். ஆள் அசைஞ்சா பத்தும். அசையாமல் இருந்தா கொஞ்ச நேரத்தில நூந்திடும். நான் நிலத்தில இருந்து, முதுகை லொக்கரில சாச்சுக்கொண்டு, அம்மாவோட கதைப்பன்.

அம்மா ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டுத்தான். "சாப்பிட்டியோ? குளிருக்குச் சால்வையைச் சுத்து. தம்பியைப் பாத்துக்கொள்." ஸ்பீக்கரில போட்டிட்டுப் பாண் சாப்பிடுவன். ஆர் கேக்கப்போகினம், அங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதே.

ஒக்டோபர் முடியிற நேரம். கதைச்சு முடிச்சு, போனை வைச்சிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தன். லைற் நூந்திட்டுது.

"சாப்பிட்டியோ?"

எனக்குப் பின்னால இருந்து. லொக்கர் பக்கமா. மெல்லிய குரல்.

நான் துள்ளி எழும்பினன். லைற் பத்திச்சு. ஒருத்தரும் இல்லை. ரைலர்தான் எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "வெளியில வாடா நாயே!" எண்டு கத்தினன். லொக்கருக்கு உதைஞ்சன். டங் எண்டு விறாந்தை முழுக்கக் கேட்டுது. ஒரு சிலமனும் இல்லை.

வகுப்புக்குப் போற வழியிலதான் யோசிச்சன். ரைலருக்கு "சப்ப சுப்ப" எண்டதுக்கு மேல ஒண்டும் வராது. நான் கேட்டது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அம்மான்ர அதே இழுவை.

சரி, காதுக்குள்ள நிண்ட குரலாக்கும் எண்டு விட்டிட்டன். அடுத்த கிழமை திரும்பவும் அங்கதான் போனன், விசர்ப் பெட்டை.

அண்டைக்கு மதியோட சண்டை. விறாந்தையில எல்லாருக்கும் முன்னால என்னைப் பாத்து, "என்னோட கதைக்காதை, எனக்கு வெக்கம்" எண்டு ஜெர்மன்ல சொல்லிப்போட்டான். நான் அம்மாவுக்குப் போன் எடுத்து அழுதன். "உவன் எல்லாம் ஒரு தம்பியோ அம்மா? ஒருநாள், ஒரே ஒருநாள், வாய் நிறைய அக்கா எண்டு கூப்பிட்டா என்ன? ஒழுங்கா மரியாதையாத் தமிழ் கதைக்கிற ஒரு தம்பி எனக்குக் கிடைச்சிருக்கக் கூடாதோ?" எண்டு கேட்டன். "விடு பிள்ளை, வளரத் திருந்துவான்" எண்டு அம்மா வைச்சிட்டா.

முகத்தைக் கையால பொத்திக்கொண்டு இருந்தன். லைற் நூந்துது.

எங்கையோ ஒரு லொக்கர் கதவு மெல்லத் திறந்துது. கிறீ...ச்.

பிறகு அந்தக் குரல்.

"அக்..."

"அக்... க..."

"அக்கா."

குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. பிழை விட்டு, திருத்தி, திரும்பச் சொல்லி...

"அக்கா. அக்கா. அக்கா."

கடைசி "அக்கா" வடிவா வந்துது.

நான் புத்தகப் பையையும் விட்டிட்டு ஓடினன். அதுக்குப் பிறகு சீ கட்டிடத்துப் பக்கமே தலை வைச்சுப் படுக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. ஆரிட்டச் சொல்ல? ரைலரிட்டயோ?

இனி அந்த நாள். நவம்பர், செவ்வாய்க்கிழமை. விடியவில இருந்து மழை, மத்தியானமே இருட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு வரலாறு. மிஸ் பார்க்கர் எண்டு ஒரு ரீச்சர். வகுப்பு தொடங்க முன்னம் எல்லாற்ற போனையும் வாங்கி, சுவரில தொங்கிற பையுக்குள்ள போட்டிடுவா.

பின்னேரம் ஒண்டு நாப்பது. ஸ்பீக்கர் கரகரத்துது. "லொக்டவுண். லொக்டவுண். லொக்டவுண்."

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில இப்பிடி ஒரு பயிற்சி இருக்கு. சுடுறதுக்குத் துவக்கோட ஒருத்தன் உள்ளுக்கு வந்தா என்ன செய்யவேணும் எண்டு பழக்கிறது. அறிவிப்பு வந்த உடன ரீச்சர் கதவைப் பூட்டவேணும், லைற்றை நூக்கவேணும். பிள்ளையள் எல்லாம் கதவால பாத்தாத் தெரியாத மூலையில, நிலத்தில குந்தவேணும். மூச்சுக் காட்டக்கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம். பூட்டின கதவை ஆருக்கும் திறக்கக்கூடாது. வெளியில நிண்டு குழறினாலும் திறக்கக்கூடாது. தட்டுறவன்ர தலையில ஆரோ துவக்கை வைச்சுக்கொண்டு நிக்கலாமாம். எல்லாம் முடிஞ்சா பெரிய ஆக்கள் தங்கட திறப்பால திறந்து வருவினம்.

வழமையா முதல்நாளே சொல்லுவினம், நாளைக்குப் பயிற்சி எண்டு. இந்த முறை ஒருத்தரும் சொல்லேல்லை. மிஸ் பார்க்கரின்ர முகத்தைப் பாத்தன். அவவுக்கும் தெரியாது. திறப்பைப் போட்டுத் திருப்பி, கைபிடியை ரெண்டு தரம் இழுத்துப் பாத்தா.

இருட்டுக்குள்ள குந்தினம். முன்னால இருந்த பெட்டை ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள். ரைலர் கூட அண்டைக்குச் சிரிக்கேல்லை. எனக்கு ஒரே ஒரு யோசினைதான். மதி எங்க? அவன்ர வகுப்பு மேல் மாடியில. உள்ளுக்கு இருப்பான், கதவு பூட்டியிருக்கும், ஒண்டும் நடக்காது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தன்.

மழைச் சத்தம். ஆரோ எச்சில் விழுங்கிற சத்தம்.

பிறகு...

டொக். டொக். டொக்.

எல்லாரும் ஒரேயடியா உறைஞ்சு போச்சினம்.

டொக். டொக். டொக்.

"அக்கா..."

நான் தலையை நிமித்தினன்.

"அக்கா, கதவைத் திறங்கோ."

தம்பியின்ர குரல். மாறாட்டமே இல்லை. நான் எழும்பிட்டன். மிஸ் பார்க்கர் என்ர கையை எட்டிப் பிடிச்சா.

"இரு."

"என்ர தம்பி, மிஸ்."

"சட்டம் தெரியும்தானே. இரு!"

"அக்கா, குளிருது... திறங்கோ..."

அழுறான். கதவை நகத்தால பிறாண்டுறான். மெல்லமா.

அண்டைக்கு என்ர மூளை எப்பிடி வேலை செய்தது எண்டு சொல்லுறன். இந்தப் பள்ளிக்கூடத்தில தமிழ் தெரிஞ்சது மூண்டே மூண்டு பேர். அப்பா குசினியில. நான் இஞ்ச. அப்ப வெளியில நிக்கிறது ஆர்? மதிதான். வேற ஆராய் இருக்க ஏலும்? தமிழ்க் குரல் கேட்டா, அது எங்கட ஆள்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. சீ கட்டிடத்துக் குரல் அப்ப ஞாபகத்துக்கே வரேல்லை.

ஒண்டைக் கண்டனான். கண்டும் யோசிக்கேல்லை. கதவுக்குக் கீழ ஒரு நீக்கல் இருக்கு. வெளியில ஆள் அசைஞ்சா, சீ கட்டிடத்தில மாதிரி, இந்த விறாந்தை லைற்றும் பத்தவேணும், அந்த நீக்கலால வெளிச்சம் தெரியவேணும்.

இருட்டு.

தட்டுறான். பிறாண்டுறான். அங்கயும் இஞ்சயும் நடக்கிறான்.

நீக்கலுக்குள்ள ஒரே இருட்டு.

"அக்கா... அவன் வாறான் அக்கா... கெதியா..."

நான் கையை உதறிக்கொண்டு பாஞ்சன். மிஸ் பார்க்கர் பின்னால "நோ!" எண்டா. பூட்டில கிடந்த திறப்பைத் திருப்பினன். திறந்தன்.

மதி நிண்டான்.

அசையாமல் நேரா என்னையே பாத்துக்கொண்டு. கண்ணில ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

உள்ளுக்கு வந்தான். ஆர் துரத்தினது எண்டு பாக்க நான் தலையை வெளியில நீட்டினன்.

டக்.

லைற் பத்திச்சு.

எனக்குத்தான் பத்திச்சு. அவனுக்குப் பத்தேல்லை.

விறாந்தையில ஒருத்தரும் இல்லை.

மிஸ் பார்க்கர் என்னை இழுத்து எறிஞ்சு கதவைப் பூட்டினா. நான் மூலையில போய் விழுந்தன். அவன் எனக்குப் பக்கத்தில வந்து குந்தினான். என்ர கையைப் பிடிச்சான். ஐஸ். மழையில கிடந்த இரும்பு மாதிரி ஒரு மணம்.

காதுக்குள்ள சொன்னான்.

"நன்றி அக்கா."

கனநேரம் அப்பிடியே கிடந்தம். என்ர கையை அவன் விடவே இல்லை. பிறகு ஸ்பீக்கர். பயிற்சி முடிஞ்சுதாம். வெறும் பயிற்சியாம்! கோதாரி விழ.

பிறகு அதிபரின்ர அறை. "உண்மையா ஒருத்தன் துவக்கோட வந்திருந்தா, உன்னால ஒரு வகுப்பே செத்திருக்கும்" எண்டு அந்தாள் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டார். அப்பாவைக் குசினியில இருந்து கூப்பிட்டினம். ஏப்ரனோட வந்து, தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு, "இனிமேல் நடக்காது, மன்னியுங்கோ" எண்டு அப்பா கெஞ்சினதை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன். இன்னொரு தரம் சட்டத்தை மீறினா ரெண்டு பிள்ளைக்கும் இடமில்லை எண்டு சொல்லி விட்டினம். மதியின்ர ரீச்சரும் வந்தவர். அறிவிப்புக்குக் கொஞ்சம் முன்னம் அவன் கேட்டுக்கொண்டு கழிவறைக்குப் போனவனாம், திரும்பி வர முன்னம் கதவைப் பூட்டவேண்டி வந்திட்டுதாம். எல்லாம் பொருந்திச்சு. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்தது, அண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும்.

பொழுதுபட அவன் வீட்டுக் குசினிக்குள்ள போய் நிண்டு, "அம்மா, பசிக்குது. சோறு போடுங்கோ" எண்டான்.

அம்மான்ர கையில இருந்த அகப்பை விழுந்துது. அவனைக் கட்டிப் பிடிச்சுக் குழறி அழுதா. அப்பா கெல்சென்கிர்ச்சனில இருக்கிற பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில விட்டார். "பெரியம்மா, சுகமா இருக்கிறியளோ?" எண்டு அவன் கேக்க, அந்தப் பக்கம் ஒரே ஆனந்தக் கூச்சல். "நல்ல பயம் ஒண்டு பிடிச்சிட்டுது, அதுதான் பிள்ளை திருந்திட்டான்" எண்டு அப்பா சொன்னார். அம்மா கோயிலில அருச்சனை செய்தா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ரீச்சர் ஒரு மேடைப்பேச்சே அவனுக்குக் குடுத்திட்டா.

நான் மட்டும் சந்தோசப்படேல்லை. "உனக்கு எரிச்சல்" எண்டு அம்மா பேசினா.

எரிச்சலோ? நான் பாத்ததை அவை பாக்கேல்லை. எங்கட மாடிப்படியிலயும் ஆள் அசைஞ்சா பத்திற லைற்தான். அவன் ஏறேக்க அது பத்தாது. இருட்டுக்குள்ள ஏறி வருவான். சுப்பர்மார்க்கெற்றில தானாத் திறக்கிற கதவு அவனுக்குத் திறக்காது. முன்னால போய் நிப்பான், வேற ஆராவது வருமட்டும் பொறுமையா நிப்பான், அவையோட சேந்து உள்ளுக்குப் போவான்.

ஜெர்மன் கதைக்கிறதே இல்லை. கூட்டாளிமாரைத் தெரியாது. பந்து கட்டிலுக்குக் கீழ கிடந்து காத்துப் போச்சுது. தமிழிலயும் என்ன கதைக்கிறான் எண்டு கவனிச்சுக் கேட்டன். "குளிருக்குச் சால்வையைச் சுத்துங்கோ." "பாத்துப் போங்கோ." எல்லாம் அம்மா எனக்குப் போனில சொன்னது. நான் அம்மாவுக்குச் சொன்னது. அதை விட்டா, புதுசா ஒரு சொல் அவனுக்கு வர நாளெடுத்துது.

ஒரு விடியப்புறம் கண் முழிக்க, என்ர அறை வாசலில நிண்டான்.

"சாப்பிட்டியோ?"

அம்மான்ர இழுவையில.

எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் வந்துது. எழும்பிப் போய் அவன்ர சேர்ட்டைப் பிடிச்சன்.

"நீ ஆரடா?"

"உங்கட தம்பி."

"என்ர தம்பி எங்க?"

சிரிச்சான். மதியின்ர பல்லுத்தான். மதியின்ர சிரிப்பில்லை.

"நீங்கள்தானே கேட்டனீங்கள் அக்கா."

அண்டையில இருந்து என்ர அறைக் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் படுத்தன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில என்ர தம்பியைத் தேடினன். சீ கட்டிடத்துக்கும் போனன், பயத்தோடதான் போனன். ஒவ்வொரு லொக்கராத் தட்டி, "மதி, மதி" எண்டு கூப்பிட்டன். ரைலர் கண்டிட்டு எனக்கு விசர் எண்டு ஊர் முழுக்கச் சொன்னான். சொல்லட்டும். அந்த இருட்டு விறாந்தையில அவன் தனிய நிண்டானே, அவன் என்னைத் தேடேல்லையோ? அவனை விட்டிட்டு வேற ஒண்டை உள்ளுக்கு எடுத்தனே, அந்த நேரம் அவன் எங்க நிண்டவன்? இந்தக் கேள்விதான் என்னைத் தின்னுது.

பதில் மார்ச் மாதம் வந்துது. நான் தேடாத இடத்தில இருந்து.

விடிய அப்பான்ர காரில பள்ளிக்கூடம் போறம். நான் முன் சீட்டில. அது பின் சீட்டில. அடுத்த லொக்டவுண் பயிற்சி வருது எண்டு பள்ளிக்கூடத்தில அறிவிச்சிருந்தினம். அப்பா அதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வந்தார். எனக்குப் புத்தி சொல்லி முடிச்சிட்டு, சிரிச்சார்.

"அண்டைக்குக் குசினியிலயும் ஒரு பகிடி நடந்தது. சொன்னனானோ?"

"இல்லை அப்பா."

"கதவைப் பூட்டிப்போட்டு நாங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால குந்தியிருக்கிறம். வெளியில ஒரு பெடியன் வந்து கதவைப் போட்டு இடிக்கிறான். ஜெர்மன்ல கத்துறான். பப்பா, மாக் அவுஃப், பப்பா, திற, திற எண்டு."

நான் அப்பாவைத் திரும்பிப் பாத்தன்.

"எங்கட மதியின்ர குரல் மாதிரியே கிடந்தது பிள்ளை. எழும்பியும் போட்டன். பிறகு, சட்டம் எல்லோ. வேலை போனா நாங்கள் எங்க போறது? கதவடியில போய் நிண்டு, போ தம்பி, திறக்க ஏலாது, போ எண்டு அதட்டினன்."

"எப்ப அப்பா இது?"

"கடைசி நேரம். முடிஞ்சுது எண்டு ஸ்பீக்கரில சொல்ல ரெண்டு மூண்டு நிமிசம் முன்னம்."

அந்த நேரம் என்ர கையை ஒரு ஐஸ் கை பிடிச்சுக்கொண்டிருந்தது.

"நான் அதட்ட, அழுகையை நிப்பாட்டிட்டான். நீங்களுமோ பப்பா எண்டு ஒருக்காக் கேட்டான். பிறகு சத்தமே இல்லை. முடிஞ்ச பிறகு திறந்து பாத்தம், ஒருத்தரும் இல்லை. கதவில மட்டும் நகத்தால கீறிக் கிடந்தது. பாவம், ஆர் பெத்த பிள்ளையோ... அதிபரிட்டப் போனாத்தான் தெரியுது, மதி உன்னோட இருந்திருக்கிறான் எண்டு. அப்பதான் எனக்குப் போன உயிர் வந்துது."

காருக்குள்ள இரும்பு மணம்.

பின் சீட்டில இருந்து குரல்.

"நல்ல காலம் அப்பா, நீங்கள் திறக்கேல்லை."

அப்பா கண்ணாடியில அதைப் பாத்தார். முகம் பூரிச்சுப் போச்சுது. என்ர தோளில ஒரு தட்டுத் தட்டினார்.

"கேட்டியோ பிள்ளை, என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறான்."